மிதக்கும் கடலுணவகம்: ஹாங்காங் போகிறவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள்

ஹாங்காங்கில் குடும்பத்தோடு பல வருஷம் இருந்தோம். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு ராத்திரி கடலுணவுக்கு அழைத்துப் போவது எங்கள் வீட்டு வழக்கம். ஊர் திரும்பிவிட்ட பிறகும் அங்கே போகிறவர்கள் போன் போட்டுக் கேட்கிறார்கள். கேட்கிற ஆள்தான் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்வியை வைத்து, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அக்கா, மிதக்கும் ரெஸ்டாரண்ட்னா கப்பல் ஓடிக்கிட்டே இருக்குமா? சாப்பிடும்போது ஆடுமா?

ஓடாது. அதற்கு எஞ்சினே கிடையாது. அடியில் தட்டையான பெரிய மிதவை, மேலே மாடி மாடியாகக் கட்டடம். துறைமுகத்துக்குள் ஒரே இடத்தில் கட்டிப் போட்டிருந்தார்கள். அப்போதெல்லாம் கரையிலிருந்து உணவகத்தின் சின்னப் படகில் ஏறினால் சில நிமிஷத்தில் வாசலில் இறங்கிவிட முடிந்தது. அந்தப் படகுக்குக் காசு வாங்கியதில்லை.

ஆட்டம் மிகக் குறைவாகத்தான் இருந்தது. பக்கத்தில் பெரிய படகு போனால் கோப்பையில் தேநீர் லேசாக அலம்பும், அவ்வளவுதான். என் மாமியாருக்குப் பேருந்தில் ஏறினாலே குமட்டும். அவரே மூன்று மணி நேரம் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அந்த ஜம்போ ஹோட்டல் இன்னும் இருக்கா? யூட்யூப்ல பளபளன்னு காட்டறாங்களே.

இல்லை. நீங்கள் பார்த்தது பழைய வீடியோ. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும்.

ஜம்போ, ஹாங்காங் தீவின் தெற்கே அபர்டீன் துறைமுகத்தில் நின்றது. சுமார் 80 மீட்டர் நீளம், மூன்று மாடி, 2,300 பேர் உட்கார்ந்து சாப்பிடலாம். சீன அரண்மனை போல் பச்சையும் சிவப்பும் பொன்னிறமுமாகக் கட்டி, ராத்திரியானால் ஆயிரக்கணக்கில் விளக்குப் போடுவார்கள். எலிசபெத் ராணி வந்த இடம், டாம் குரூஸ் வந்த இடம். பெருந்தொற்று வந்த 2020 மார்ச்சில் மூடினார்கள். அதற்கு முன்பே பல வருஷமாக நஷ்டம். ஓஷன் பார்க் என்ற கேளிக்கைப் பூங்காவுக்கு அதைக் கொடுத்துக் காப்பாற்றலாம் என்று அரசாங்கம் சொன்னது. ஏற்று நடத்த ஆள் கிடைக்கவில்லை. 2022 ஜூன் முதல் தேதி அதன் சமையலறைப் படகு சரிந்தது. ஜூன் 14 மதியம் இழுவைப் படகுகள் உணவகத்தை வெளியே இழுத்துப் போயின. நாலைந்து நாளில் தென்சீனக் கடலில், பாரசெல் தீவுகளுக்குப் பக்கத்தில், தண்ணீர் புகுந்து கவிழ்ந்தது. அங்கே ஆழம் 1,000 மீட்டருக்கு மேல்.

இழுத்துப் போன அன்று நான் கரையில் நின்றேன். பக்கத்தில் ஒரு பாட்டி, தன் கல்யாண விருந்து அங்கேதான் நடந்தது என்று பேத்தியிடம் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். பேத்தி போனில் படம் எடுத்தாள். பாட்டி எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார்.

எதுக்கு தண்ணி மேல போய் ஹோட்டல் கட்டணும்? கரையில இடமா இல்ல?

சுற்றுலாக்காரர்களுக்காக யோசித்துக் கட்டியது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். வேர் வேறு இடத்தில் இருக்கிறது. அபர்டீனில் தலைமுறை தலைமுறையாகப் படகிலேயே வாழ்ந்த மீனவ மக்கள் உண்டு. பிறப்பு, படுக்கை, சமையல், சாவு எல்லாம் படகில்தான். கரைக்காரர்கள் அவர்களை 'தான்கா' என்பார்கள். அதில் இளக்காரம் உண்டு என்பதால் 'சோய் சேயுங் யான்', அதாவது நீர்மேல் வாழ்வோர் என்று சொல்வதுதான் மரியாதை. நீங்களும் அப்படியே சொல்லுங்கள்.

வாழ்வது படகில் என்றால் கல்யாண விருந்தை எங்கே வைப்பது? சொந்தப் படகில் பத்துப் பேர் உட்கார்ந்தாலே நெருக்கடி. அதற்காக வாடகைக்குப் பெரிய அலங்காரப் படகுகள் இருந்தன. பாட்டும் விருந்தும் நடக்கும் என்பதால் 'கோ டோங்' படகு, பாட்டுக்கூடப் படகு என்று பெயர். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தைத் தண்ணீரில் இறக்கிவிட்டது போல வைத்துக்கொள்ளுங்கள். மிதக்கும் உணவகங்கள் இந்த வழியில் வந்தவை. 1952-இல் தாய் பாக் வந்தது. லி பாய் என்ற பழைய சீனக் கவிஞரின் இன்னொரு பெயர் அது. மது அருந்திய நிலையில், தண்ணீரில் தெரிந்த நிலாவை அணைக்கப் போய் மூழ்கினார் என்று அவரைப் பற்றிக் கதை உண்டு. தண்ணீர் மேல் விருந்து போடுகிற இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

ஜம்போவின் ஆரம்பம் துயரமானது. கட்டி முடித்துத் திறப்பதற்கு முன், 1971 அக்டோபர் 30-இல் தீப்பிடித்து 34 பேர் இறந்தார்கள், 42 பேருக்குக் காயம். அப்புறம் மக்காவ் சூதாட்ட விடுதிகளால் பெயர் பெற்ற ஸ்டான்லி ஹோ அதை வாங்கி மறுபடி கட்டி 1976-இல் திறந்தார். சீனத்தில் அதை 'ஜன் போ' என்பார்கள். பொக்கிஷம் என்று அர்த்தம்.

சரி, அது போயிடுச்சு. இப்ப போனா தண்ணி பக்கத்துல உக்காந்து எங்க சாப்பிடறது?

ஜம்போ கிளம்பியபோது தாய் பாக் துறைமுகத்திலேயே நின்றது. ஆனால் அங்கே சாப்பாடு கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். என்னைக் கேட்டால், அந்த அனுபவத்துக்கு மிக நெருக்கமானது லாம்மா தீவின் சோக் குவூ வான். கடலுக்குள் கால் நட்டு, தண்ணீருக்கு மேலேயே மேடை போட்டு வரிசையாகக் கடலுணவகங்கள் நிற்கின்றன. எதிரே மீன் வளர்க்கும் மிதவைகள். ஹாங்காங் தீவில் சென்ட்ரல் என்ற பகுதியின் நான்காம் படகுத்துறையிலிருந்து போகலாம். அபர்டீனிலிருந்தும் படகு உண்டு. நான் அபர்டீனிலிருந்து போவதையே விரும்புவேன், பழைய துறைமுகம் முழுவதையும் பார்த்துக்கொண்டே வெளியேறலாம்.

சாய் குங்கில் இன்னொரு அழகு. மீனவர்கள் படகைக் கரைச் சுவர் ஓரமாகக் கட்டிவிட்டு, நீளக் கம்பு வலையில் மீனை மேலே நிற்பவர்களுக்கு நீட்டுவார்கள், காசும் அதே வலையில் கீழே இறங்கும். லேய் யூ முன்னில் கடையில் உயிர் மீன் வாங்கிக் கொடுத்தால் பக்கத்து உணவகம் கூலிக்குச் சமைக்கும். இதே முறை மலிவாக வேண்டுமானால் அபர்டீனுக்கு எதிர்க்கரை அப் லேய் சாவ் சந்தை. கீழே மீன் வாங்கி, மாடியில் இருக்கும் சமையல் கடையில் கொடுக்கலாம். பிளாஸ்டிக் ஸ்டூல், சத்தம், ஈரத் தரை. ஆனால் நான் சாப்பிட்ட நல்ல மீன்களில் பாதி அங்கேதான்.

அபர்டீனுக்கு எப்படிப் போறது சித்தி? ரொம்ப தூரமா?

இல்லை. அட்மிரால்டியில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் வோங் சுக் ஹாங், மூன்றாவது லேய் டுங். இந்தப் பாதை 2016 டிசம்பரில்தான் திறந்தது, அதற்கு முன் பேருந்துதான். அபர்டீன் என்ற பெயரிலேயே நிலையம் இருக்கும் என்று தேடாதீர்கள், கிடையாது. லேய் டுங்கில் இறங்கி, கரைக்கு நடந்து, எதிர்க்கரையில் இருக்கும் அபர்டீனுக்குப் போகும் சின்னப் படகில் ஏறுங்கள். கரையோரம் சம்பான் படகுக்காரப் பெண்கள் கூப்பிடுவார்கள். ஏறுவதற்கு முன்பே எத்தனை நிமிஷம், ஆளுக்கு எவ்வளவு என்று விரலில் காட்டிப் பேசிவிடுங்கள்.

புயல் சீசன்ல போறோம். பிரச்னை வருமா?

ஹாங்காங் வானிலை மையம் 1, 3, 8, 9, 10 என்று எண் ஏற்றும். 8 ஏறினால் படகு, கடை எல்லாம் நிற்கும். 3 ஏறிவிட்டாலே தீவுக்குப் போகாதீர்கள், திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

உக்காந்ததும் டீயை ஊத்தி கிண்ணத்தைக் கழுவறாங்களே. நாமளும் கழுவணுமா?

கட்டாயமில்லை, கழுவினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். முதல் கெண்டித் தேநீரில் கிண்ணம், கரண்டி, குச்சி எல்லாவற்றையும் அலசி, நடுவில் வைத்திருக்கும் பெரிய பாத்திரத்தில் கொட்டுவார்கள். சுத்தத்துக்காகவும் பழக்கத்துக்காகவும் செய்வதுதான்.

இன்னும் இரண்டு பழக்கம் தெரிந்திருந்தால் நல்லது. உங்கள் கோப்பையில் யாராவது தேநீர் ஊற்றினால் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து மேசையில் மெல்லத் தட்டுங்கள், அது நன்றி. கெண்டி காலியானால் மூடியைத் திறந்து சாய்த்து வைத்துவிடுங்கள். கூப்பிடாமலே வெந்நீர் வரும். எங்கள் வீட்டில் இப்போதும் அப்பாவுக்குக் காபி கொடுத்தால் என் மகன் பழக்கத்தில் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து மேசையைத் தட்டுகிறான்.

தொட்டியில இருக்கற மீன்ல எது நல்ல மீன்னு எப்படிப் பாக்கறது?

இதில்தான் அவசரப்படக் கூடாது. மெனுவைப் பார்ப்பதற்கு முன் எழுந்து தொட்டிப் பக்கம் போங்கள். அப்படிப் போகிறவரைத்தான் அங்கே விவரம் தெரிந்தவர் என்று மதிப்பார்கள். மீன் நிமிர்ந்து நிற்கிறதா, பக்கவாட்டில் சாய்கிறதா என்று முதலில் கவனியுங்கள். செவுள் ஒரே சீராகத் திறந்து மூட வேண்டும். கண் தெளிவாக இருக்க வேண்டும், பூத்துப் போயிருக்கக் கூடாது. மூக்கும் வால் நுனியும் தேய்ந்து வெளுத்திருந்தால் அது பல நாளாகக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு கிடக்கும் மீன். அப்படிப்பட்ட மீனில் சதை இளைத்திருக்கும்.

நாலைந்து பேருக்கு 600 முதல் 800 கிராம் மீன் சரியான அளவு. நம் ஊரில் பெரிய வஞ்சிரத்தைப் பார்த்தால் மனசு நிறைகிற பழக்கம், அதை இங்கே விட்டுவிடுங்கள். முழு மீனாக ஆவியில் வைப்பதால் சின்னதுதான் சீராக வேகும். அங்கே அதிகம் கேட்பது 'பான்', நம் களவா மீன் வகை. புலிப்பட்டை போட்டது விலை கொஞ்சம் அடங்கும், சிவப்பில் நீலப் புள்ளி வைத்தது ஏறும்.

தேர்ந்தெடுத்த மீனை வலையில் அள்ளி உங்கள் கண் முன்னால் எடை போடுவார்கள். தண்ணீரை வடித்துவிட்டுத்தான் போட வேண்டும். நெளிகிற மீனைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் அது சமையலறைக்குப் போகும். குழந்தைகளுக்குச் சில சமயம் அந்த நேரம் கஷ்டமாக இருக்கும், அவர்களை மேசையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

மெனுவுல விலையே போடல. ரெண்டு எழுத்து மட்டும் இருக்கு. இது ஏமாத்து வேலையா?

ஏமாற்று இல்லை. அந்த இரண்டு எழுத்தும் 'சீ கா', அன்றைய விலை. மீன் விலை தினம் மாறுவதால் அச்சடிப்பதில்லை. ஆனால் கேட்காமல் தலையாட்டினால் நஷ்டம் உங்களுக்கு.

கிலோ கணக்கு கிடையாது. 'கான்' என்ற எடை, சுமார் 605 கிராம். அதில் 16 'லேங்'. ஒரு லேங் ஏறக்குறைய 38 கிராம். உதாரணத்துக்கு, கான் 400 ஹாங்காங் டாலர் என்று சொல்லி மீன் 1 கான் 4 லேங் இருந்தால் ஒன்றேகால் கான், 500 டாலர். கவனிக்க வேண்டியது இன்னொன்று: விலை உயர்ந்த சிப்பி வகைகளுக்குச் சில இடத்தில் லேங் கணக்கில் விலை எழுதியிருப்பார்கள். எண் சின்னதாகத் தெரியும். பதினாறால் பெருக்கிப் பாருங்கள்.

எங்களுக்கே ஒருமுறை அப்படி ஆயிற்று. தும்பிக்கை போல நீண்ட ஒரு சிப்பி, விலைப் பலகையைப் பார்த்து மலிவு என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டோம். பில் வந்தபோது கூட வந்திருந்த பெரியப்பா வாயே திறக்கவில்லை. அன்றிலிருந்து நான் ஒரு வழி வைத்திருக்கிறேன்: எடை போட்டதும் கால்குலேட்டரை நீட்டி, மொத்தத் தொகையை அவர்களையே தட்டச் சொல்வேன். மொழி தேவையில்லை, யாரும் கோபித்துக்கொண்டதும் இல்லை.

அஞ்சு பேர் போறோம். என்னென்ன சொல்லலாம்?

எல்லாம் நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிடுவதுதான், தனித்தனித் தட்டு கிடையாது. ஐந்து பேருக்கு ஒரு முழு மீன், அரை கான் உயிர் இறால், ஒரு நண்டு, பூண்டும் கண்ணாடிச் சேமியாவும் போட்டு ஆவியில் வைத்த சிப்பி ஆளுக்கு ஒன்று, உப்பு மிளகாய் போட்டுப் பொரித்த கணவாய், ஒரு கீரை, கடைசியில் வறுத்த சோறு. இது தாராளம். சிங்கி இறால் வேண்டுமென்றால் நண்டை விட்டுவிடுங்கள். இஞ்சி, வெங்காயத்தாளோடு வதக்கி, நூடுல்ஸ் மேல் சாறு இறங்கப் போடுவார்கள். அந்த நூடுல்ஸ்தான் சிங்கி இறாலைவிட ருசி என்பது என் கட்சி.

உயிர் இறாலுக்கு வெந்நீரில் போட்டு எடுப்பது போதும். அதற்கு மேல் எந்த வேலையும் அதைக் கெடுப்பதுதான். சோயாவில் பச்சைமிளகாய் நறுக்கிப் போட்ட தொட்டுக்கை தருவார்கள்.

மீனை வெறுமனே ஆவியில வேகவெச்சா நமக்கு இறங்குமா? கவிச்சி அடிக்காதா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான், நான் ஆசையாகப் பதில் சொல்வதும் இதற்குத்தான். கவிச்சி வருவது செத்து நேரமான மீனில். ஐந்து நிமிஷம் முன்பு வரை நீந்திய மீனில் கவிச்சி வராது. நாம் புளியும் மிளகாயும் போடுவது போல அவர்கள் நேரத்தைப் போடுகிறார்கள்.

தட்டில் இரண்டு குச்சியைப் படுக்கவைத்து, ஆவி அடியிலும் போகிறபடி அதன் மேல் மீனை வைப்பார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் மீன் உள்ளே போகும். 600 கிராம் மீனுக்கு எட்டு நிமிஷம் போல. வெளியே எடுத்ததும் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுவார்கள், கவிச்சி இருந்தால் அதில்தான் இருக்கும். மேலே இஞ்சியும் வெங்காயத்தாளும் நூலாக நறுக்கிப் பரப்பி, புகைய காய்ந்த கடலை எண்ணெயை அதன் மேல் ஊற்றுவார்கள். நாம் தாளிக்கும்போது வருகிற அதே 'சொய்' சத்தம். கடைசியில் லேசான இனிப்பு சேர்த்த சோயாவை ஓரமாக விடுவார்கள், மீன் தலையில் ஊற்றுவதில்லை.

மேசைக்கு வந்ததும் போட்டோ எடுப்பதை ஒரு நிமிஷத்தோடு நிறுத்துங்கள். முதுகெலும்போடு ஒட்டிய இடத்தில் சதை லேசாக ஒட்டிக்கொண்டு, எலும்பு இளஞ்சிவப்பாகத் தெரியும். 'வேகவில்லை' என்று திருப்பி அனுப்பாதீர்கள். அதுதான் சமையல்காரர் குறிவைத்த பதம், தட்டின் சூட்டிலேயே மிச்சம் வெந்துவிடும். ஆறிப்போன மீனில் இது எதுவும் இருக்காது. ஓரத்தில் தேங்கும் சாற்றை வெள்ளைச் சோற்றில் விட்டுப் பிசைந்து பாருங்கள். ரசம் சாதத்தைத் தவிர வேறெதற்கும் மயங்காத என் அப்பா அதை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்.

எனக்குக் காரம் இல்லாம ஆகாது. ஒண்ணுமே கிடையாதா?

'புயல் ஒதுங்குமிட நண்டு' கேளுங்கள். சூறாவளிக் காலத்தில் மீன்பிடிப் படகுகள் ஒதுங்கக் கட்டிய அணைத்துறைகள் ஹாங்காங் முழுவதும் உண்டு. காஸ்வே பே என்ற பகுதியில் இருந்ததை 1883-இல் கட்டி முடித்தார்கள். அங்கே படகிலேயே அடுப்பு வைத்து ராத்திரி வியாபாரம் செய்த நீர்மேல் வாழ்வோரின் கைப்பக்குவம் இந்த நண்டு. பூண்டை அரிசி மணி போலப் பொடித்துப் பொன்னிறமாகப் பொரித்து, காய்ந்த மிளகாய், புளிக்கவைத்த கறுப்பு சோயாப் பயறு சேர்த்து நண்டை அதில் புரட்டுவார்கள். நண்டு தெரியாத அளவுக்குப் பூண்டு மலை. 'ஹோ லாட்' என்றால் நல்ல காரம். நண்டு தீர்ந்த பிறகு அந்தப் பூண்டை விட்டுவிட்டுப் போகாதீர்கள், வெள்ளைச் சோறு ஒரு கிண்ணம் கூடுதலாகச் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் சாப்பிட்டதும் மீனைத் திருப்பிப் போடக் கூடாதாமே. நிஜமா?

நிஜம். மீனைத் திருப்பினால் படகு கவிழும் என்பது மீனவர் நம்பிக்கை. மேல்பக்கச் சதை தீர்ந்ததும் வால் பக்கமிருந்து எலும்பைத் தூக்கி எடுத்துவிட்டு, அடியில் இருப்பதைச் சாப்பிடுவார்கள். பரிமாறுகிறவரிடம் சைகை காட்டினால் அவரே இரண்டு கரண்டியால் செய்து கொடுப்பார். மீனின் தலை மேசையில் மூத்தவரைப் பார்க்கிற மாதிரி வைப்பதும் வழக்கம், கன்னச் சதை அவருக்கு.

ஜம்போ கவிழ்ந்த செய்தியை மேலே எழுதியிருக்கிறேன். அதைக் கேட்ட பிறகு நான் வீட்டிலும் மீனைத் திருப்புவதில்லை.

குச்சி பிடிக்க வரல. கையால சாப்பிட்டா சிரிப்பாங்களா?

இறாலையும் நண்டையும் அவர்களும் கையால்தான் உரிக்கிறார்கள். மீனுக்கும் சோற்றுக்கும் கரண்டி கேளுங்கள், தருவார்கள். ஆளுக்கு இரண்டு ஜோடிக் குச்சி வைத்திருந்தால் ஒன்று பொதுத் தட்டிலிருந்து எடுக்க, மற்றது வாய்க்கு. இறாலோடு ஒரு கிண்ணத்தில் எலுமிச்சைத் துண்டு மிதக்கும் தேநீர் வரும். அது விரல் கழுவ, குடித்துவிடாதீர்கள்.

வீட்ல ரெண்டு பேர் சுத்த சைவம். அவங்களையும் கூட்டிட்டுப் போலாமா?

ஒளிவுமறைவில்லாமல் சொன்னால், கடலுணவகத்துக்கு வேண்டாம். கீரையை வதக்கிக் கொடு என்றாலும் சிப்பிச் சாறோ கோழிச் சூப்போ பன்றிக் கொழுப்போ சேர்ந்துவிடும். கெட்ட எண்ணம் கிடையாது, அவர்கள் கணக்கில் அது 'கறி' இல்லை. 'சிக் ஜாய்' என்றால் பௌத்த சைவம் சாப்பிடுகிறேன் என்று புரிந்துகொள்வார்கள். புரிந்தாலும் சட்டி ஒன்றுதான். அவர்களுக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கி, டைமண்ட் ஹில்லில் 'நான் லியான்' என்ற தோட்டத்துக்குள், அருவிக்குப் பின்னால் இருக்கும் சி லின் சைவ உணவகத்துக்குக் கூட்டிப் போங்கள். என் அம்மா அங்கே காளானைத் தொட்டுப் பார்த்து, 'இது நிஜமாவே காளான்தானா?' என்று மூன்று முறை கேட்டுவிட்டுச் சாப்பிட்டார்.

நாங்க ஹலால் மட்டும்தான் சாப்பிடுவோம். மீன்தானே, பரவாயில்லையா?

மீன் சரி. ஆனால் மேலே சொன்ன கொழுப்புப் பிரச்னை அப்படியே இருக்கிறது, சமையலில் அரிசி மதுவும் சேரும். சந்தையில் மீன் வாங்கி வீட்டில் சமைக்க வசதி இருந்தால் அதுவே மேல். காண்டனீஸ் ருசி வேண்டுமென்றால் வான் சாய் அம்மார் பள்ளிவாசல் கட்டடத்தின் உணவகத்தில் ஹலால் டிம் சம், அதாவது சின்னச் சின்ன ஆவிப் பலகாரங்கள், கிடைக்கும்.

பெரிய மீன்ல விஷம் இருக்கும்னு ஒருத்தர் பயமுறுத்தறார். உண்மையா?

பயமுறுத்தவில்லை, உண்மையைச் சொல்கிறார். பவளப்பாறையில் வாழும் சில மீன்களில் 'சிகுவாடெரா' என்ற நஞ்சு சேரும். பாசியைச் சின்ன மீன் தின்ன, சின்னதைப் பெரியது தின்ன, மேலே போகப் போக நஞ்சு கூடும். சமைத்தாலும் உறைய வைத்தாலும் அழியாது. வாயும் விரலும் மரத்துப் போகும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுடுவது போல இருக்கும். அப்படித் தோன்றினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சின்ன மீனாக எடுங்கள் என்று முன்பே சொன்னதற்கு இதுவும் காரணம். பெரிய பாறை மீனின் தலை, தோல், குடல், சினை நான்கையும் தவிர்த்துவிடுங்கள். கர்ப்பிணிகளும் வயதானவர்களும் பச்சையாகக் கொடுக்கும் சிப்பி எதையும் தொடாமல் இருப்பது நல்லது.

தொட்டியில தடிச்ச உதடு, நெத்தி புடைச்ச பச்சை மீன் ஒண்ணு பார்த்தேன். அது ரொம்ப ருசியாமே?

அது 'சோ மேய்', நெப்போலியன் மீன் என்பார்கள். ருசி என்பது உண்மை. அதனாலேயே அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டது. அழியும் உயிர்களின் வணிகத்துக்கான பன்னாட்டு ஒப்பந்தத்தில் 2004-இல் அதைச் சேர்த்தார்கள், உரிமம் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. பெரிதாக வளரவும் முட்டையிடும் வயதுக்கு வரவும் பல வருஷம் எடுக்கும் மீன். தட்டில் வருவது பெரும்பாலும் குஞ்சு. யார் வாங்கிக் கொடுத்தாலும் நான் சாப்பிட மாட்டேன், நீங்களும் சாப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சுறாத்துடுப்பு சூப்புக்கும் இதே பதில்தான். ஹாங்காங் அரசே 2013-இலிருந்து தன் விருந்துகளில் அதைப் பரிமாறுவதில்லை.

பில்லுல நாங்க கேக்காததெல்லாம் இருந்துச்சு. கடலை, ஊறுகாய், டீன்னு. சண்டை போடலாமா?

வேண்டாம். தேநீருக்கு ஆள் கணக்கில் காசு, உட்கார்ந்ததும் வைக்கும் கடலைக்கு ஒரு காசு, மொத்தத்துக்கு மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம். இது அங்கே பெரும்பாலான உணவகங்களில் உள்ள முறை. கடலை வேண்டாமென்றால் வைத்த உடனே கையசைத்துத் திருப்பி அனுப்புங்கள், எடுத்துவிடுவார்கள். மீன் எடையும் விலையும் மட்டும் முன்பே பேசியதோடு ஒத்துப் பாருங்கள். கடைசியில் வரும் ஆரஞ்சுத் துண்டும் சிவப்புப் பயறு இனிப்புக் கஞ்சியும் பெரும்பாலும் இலவசம்.

ஜம்போவே இல்லாத அபர்டீன்ல இனிமே பார்க்க என்ன இருக்கு?

என் தங்கை போன வருஷம் கேட்டது இது. சாயங்காலம் ஐந்தரை மணிக்குக் கரையோரம் போய் நில் என்றேன். மீன்பிடிப் படகுகள் வரிசையாகக் கட்டியிருக்கும். ஏதாவது ஒரு படகின் பின்பக்கத்தில் ராத்திரிச் சமையல் நடக்கும். அவள் போனபோது ஒரு வயதான அம்மா குந்தியிருந்து சின்ன மீன் நாலைத் தட்டில் அடுக்கி, இஞ்சியை நூலாக நறுக்கிக்கொண்டிருந்தாராம். பக்கத்தில் ஆவிச்சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. தங்கை அங்கிருந்தே எனக்குப் போன் போட்டு, 'அக்கா, இப்பதான் எண்ணெய் ஊத்தினாங்க, சத்தம் கேக்குதா?' என்றாள். கேட்டது.